மாஸ்க்கின் மடிப்பில் ஒரு ஏலக்காய்

எங்கள் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் போடியிலிருந்து கூலிவேலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு குரங்கணிக்கும் அதற்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டங்களுக்கும் போவார். மாலையில் அவர்களை இறக்கிக் கொண்டுவருவார். கொரோனா இரண்டாவது தடவை வந்த அந்தக் கோடையில் கடைகள் மத்தியானத்தோடு சாத்தப்பட்டன, பிறகு அதுவும் இல்லாமல் போனது. தோட்ட வேலைக்கு மட்டும் தடை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊரே அடங்கிக் கிடக்க அந்த ஜீப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஜீப்பை நினைத்துத்தான் எனக்குப் பயம். வீட்டுக்குள்ளே என் மகள் எட்டு மாதம் முடிந்த வயிற்றோடு இருந்தாள்.

அவளுக்குத் தலைப்பிரசவம். மருமகன் சவூதியில். விமானம் இல்லாததால் அவரால் வர முடியவில்லை. "மாமி, அவளை உங்ககிட்டதான் ஒப்படைச்சிருக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். என்னிடம் ஒப்படைக்க நான் யார்? அல்லாஹ்வின் பொறுப்பு என்று சொல்லிப் போனை வைப்பேன். எங்கள் வீடு ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, அடுப்படி, அவ்வளவுதான். ஜீப்பில் எட்டுப் பேர் விட்ட மூச்சைச் சட்டையில் சுமந்துகொண்டு அவர் வந்து நுழைகிற வாசலும், என் மகள் காற்றுக்காக நிற்கிற வாசலும் ஒன்றுதான்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. தையல் தெரியும். கல்யாணத்தில் வந்த மிதி மெஷின் இன்னும் ஓடுகிறது. மருந்துக் கடை மாஸ்க்கை அவர் ஒரே நாளில் கசக்கித் தூக்கிப் போட்டுவிடுவார். அதனால் நானே தைப்பது என்று முடிவு செய்தேன். துணிக்கு எங்கே போவது? ஜவுளிக் கடை எல்லாம் பூட்டு. பீரோவின் அடித்தட்டில் என் மாமியாருடைய வெள்ளைத் துப்பட்டிகள் மூன்று இருந்தன. அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் வெளியே போனால் சேலைக்கு மேலே போர்த்திக்கொள்கிற துப்பட்டி. எத்தனையோ தடவை துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்ட துணி. பிறக்கப் போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே புதுத்துணி எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. பழைய மெல்லிய துணியைத்தான் கிழித்து மடித்து வைத்திருப்போம். அதற்காக எடுத்து வைத்த துப்பட்டிகள்தாம் அவை.

ஒன்றை மட்டும் வெட்டினேன். மூன்று மடிப்பு வைத்து, நடுவே கொசுவம் போல மூன்று சுருக்கம் கொடுத்து, எலாஸ்டிக் கிடைக்காததால் பாவாடை நாடாவை நாலாக வெட்டி, காதில் மாட்டாமல் பின்னந்தலையில் கட்டுகிற மாதிரி தைத்தேன். அவருக்கு நாலு. பிறகு யோசித்தேன். அவர் ஒருத்தர் மூடிக்கொண்டு என்ன பிரயோஜனம்? ஜீப்பில் வருகிற எட்டுப் பேரும் மூட வேண்டும். எட்டுப் பேருக்கும் இரண்டிரண்டு தைத்தேன்.

"என் பிள்ளைக்கு வச்சதை எல்லாம் ஜீப்புக்கு வெட்டிக் குடுத்துரு. அது அம்மணமா வரட்டும்" என்று மகள் கட்டிலில் இருந்தபடி கேலி செய்தாள்.

"பிள்ளைக்காகத்தாண்டி வெட்டுறேன்" என்றேன். அது உண்மை.

மறுநாள் மாலை ஜீப் வாசலில் நின்றபோது, முன்சீட்டில் உட்காருகிற அக்கா தலையை நீட்டிக் கூப்பிட்டார். சிலமலை ஊர்க்காரர். அவர்தான் அந்த எட்டுப் பேருக்கும் தலைவி மாதிரி.

"பாயம்மா, தச்சுக் குடுத்ததுக்குக் கோடிப் புண்ணியம். ஆனா வெள்ளையா தைக்காதீங்க தாயி. வரிசையா எட்டுப் பேரு வெள்ளையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்தா, பார்க்கவே என்னமோ மாதிரி இருக்கு."

அந்த 'என்னமோ மாதிரி' என்ன என்று எனக்கும் தெரியும். எங்களிலும் கடைசியாகச் சுற்றுவது வெள்ளைத் துணிதான். அன்றே எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, முன்பக்கத்தில் ஜாக்கெட் வெட்டிய துண்டுகளைச் சிவப்பும் பச்சையுமாக வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

இவ்வளவு செய்தும் எங்கள் வீட்டுக்காரர் மாஸ்க்கைத் தாடையில்தான் போட்டிருந்தார்.

"மூச்சு முட்டுது புள்ள. நோன்பு வாய் வேற. நான் விட்ட மூச்சு எனக்கே திரும்ப வருது. கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங்கைப் பிடிப்பனா, இதைப் பிடிப்பனா?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஜீப்பில் எப்போதாவது ஏலக்காய் மூட்டை ஏற்றினால் மூலையில் நாலு காய் சிந்திக் கிடக்கும். வெடித்த காய், தரத்தில் சேராதது. தோட்டத்துக்காரரே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். அதை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். மாஸ்க்கின் உள்மடிப்பில், மூக்குக்கு நேராக, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னப் பை தைத்தேன். ஒரு காயை இடிகல்லில் லேசாக நசுக்கி அதில் செருகிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மூக்கை மூடினார். "பாயாசத்துக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்தார். ஜீப்பில் இருந்த எல்லாருக்கும் பை வைத்த மாஸ்க் வேண்டும் என்றார்கள். இரண்டாவது துப்பட்டியையும் வெட்டினேன். கொஞ்ச நாளில் அவர்களுக்குள்ளே ஒரு பேச்சு கிளம்பிவிட்டது, ஏலக்காய் மணம் இருக்கிற மூக்குக்குள் கொரோனா நுழையாதாம். நாங்கள் ஏலக்காயை நம்பிப் பிழைக்கிறவர்கள், அதனால் அது எங்களைக் கைவிடாது என்று ஒரு நினைப்பு. அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "இல்லக்கா, அது சும்மா வாசனைக்குத்தான்" என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் மாஸ்க்கைக் கழற்றிவிடுவார்களே என்று பயம். பிறகு யோசித்தால், எனக்கே உள்ளுக்குள் அந்த நம்பிக்கை கொஞ்சம் இருந்திருக்கிறது.

நோன்பு முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. விடிந்து, ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, படியில் நின்று மாஸ்க்கைக் கட்டினார். கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குக் காய் வைக்கலியா?"

"வச்சேனே."

"இல்லியே. வெறுந்துணி மாதிரி இருக்கு."

நான் அவர் முகத்திலிருந்து அதை அவிழ்த்து என் மூக்கில் வைத்தேன். வைத்திருக்கக் கூடாது, அது பிறகுதான் தோன்றியது. காரமான மணம் கண்ணில் நீரை வரவழைத்தது. அப்போதுதான் நசுக்கிய காய். என் விரலிலேயே இன்னும் மணந்துகொண்டிருந்தது.

"பழைய காயா இருக்கும்" என்றார்.

நான் அலமாரியிலிருந்து அத்தர் புட்டியைக் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மட்டும் போடுகிற அத்தர். அவர் மணிக்கட்டில் தடவினேன். மூக்கருகே கொண்டுபோனார். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு கையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவர், பிரேக் பிடிக்காமல் ஒரு தடவை சரிவில் இறங்கிய கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். அந்தக் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

"சாவியைக் கொண்டுபோய் ஜீப் முதலாளிகிட்ட..." என்று நீட்டியவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "வேணாம், நீ தொடாத."

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "என்னம்மா, அத்தா இன்னும் போகலையா?"

"வெளிய வராத!" என்று கத்தினேன். அவளைப் பெற்றதிலிருந்து அப்படி ஒரு கத்தல் அவளிடம் கத்தியதில்லை. உள்ளே அவள் எழுந்த சத்தம் அப்படியே நின்றுபோனது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். அவருக்கு இருக்கிறது என்று வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. அவரை ஒரு கல்லூரி விடுதியில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். என் வீட்டுக்கு வந்த நர்சம்மா தெருவில் நின்றே பேசினார்.

"பிள்ளத்தாச்சிப் பொண்ணு தனி ரூம்ல இருக்கட்டும். இப்ப இல்லைன்னாலும் நாலு நாள் கழிச்சு வரலாம். மூச்சு வாங்குனாலோ, மூக்குல மணம் தெரியலைன்னாலோ அந்த நிமிஷமே போன் பண்ணுங்க. தள்ளிப் போட்டுராதீங்க. இந்த மாசத்துல ரெண்டு உசுரும் நம்ம கையில நிக்காது."

ரெண்டு உசுரு. அந்தச் சொல் என் காதிலேயே உட்கார்ந்துவிட்டது. தொழுகையில் நின்றாலும் அதுதான் கேட்டது. ஓதவேண்டிய வசனம் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

மகளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். தினமும் காலையில் கொதிக்கிற தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்திய ஒரு மாஸ்க்கை எடுத்து, புதிதாக ஒரு காய் நசுக்கிப் பையில் வைத்து, தட்டில் தேநீரோடு கதவருகே வைப்பேன். கதவைத் தட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவள் எடுத்துக் கட்டிக்கொள்ளும் வரை காத்திருந்து கேட்பேன்.

"மணக்குதாடி?"

"மணக்குதும்மா. நெய்ச்சோறு தம் போட்ட மாதிரி."

மறுநாள், "மணக்குதாடி?"

"பெருநாள் சேமியா மாதிரி. போதுமா?"

அந்த வருஷம் பெருநாள் அன்றும் எங்கள் வீட்டில் சேமியா கிண்டவில்லை. எதிர்வீட்டு அக்கா வாசற்படியில் ஒரு தூக்குவாளி கஞ்சி வைத்துவிட்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்துவிட்டுப் போனார். அதைக் குடித்துப் பெருநாளைக் கழித்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். "மணக்குதும்மா" என்ற ஒரு வார்த்தையில் எனக்கு அன்றைய பொழுது ஓடும். சாயங்காலம் ஆக ஆக அந்த வார்த்தையின் பலம் தீர்ந்துபோகும். மறுபடி விடியும் வரை பயம்.

ஒன்பதாம் நாள் காலையில் விடுதியிலிருந்து போன் வந்தது. அவருக்கு மூச்சின் அளவு குறைகிறதாம், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம், பயப்பட வேண்டாமாம். பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் எத்தனை பேர்! போனை வைத்துவிட்டு, என்ன செய்கிறேன் என்று தெரியாமலே காயை நசுக்கினேன், தேநீர் ஊற்றினேன், மாஸ்க்கை மடித்தேன், தட்டை வைத்தேன், கதவைத் தட்டினேன்.

"மணக்குதாடி?"

"மணக்குதும்மா. இன்னைக்குப் பிரியாணி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அடுப்படிக்குத் திரும்பினேன். இடிகல்லில், நசுக்கிய காய் அப்படியே கிடந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. காயை எடுத்துப் பார்த்தேன். டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு காயைத்தான் எடுத்தேன், அது இங்கே கிடக்கிறது. அப்படியானால் பையில் ஒன்றுமே இல்லை. நேற்றைய வாசம் துணியில் ஒட்டியிருக்குமோ? கொதிக்கும் தண்ணீரில் அலசிய துணி. அவருக்கு வைத்தபோது வைக்கவில்லை என்றார். இவளுக்கு வைக்காதபோது மணக்கிறது என்கிறாள்.

நர்சம்மா சொன்னது எல்லாம் மறந்துபோனது. போய்க் கதவைத் தள்ளித் திறந்தேன்.

அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் மூக்கு வரை ஒழுங்காகக் கட்டியிருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது.

"அதுல காய் இல்லடி" என்றேன்.

அவள் விரலால் பையைத் தடவிப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா."

"ஏண்டி... ஏண்டி சொல்லல?"

"சொன்னா தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவாங்க. அங்க ஒத்தையில கெடந்து பெக்கணும்னு சொல்றாங்க. நீ கூட இருக்க மாட்டே." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுவும் போக, தெனமும் 'மணக்குதா'ன்னு கேக்கும்போது உன் குரல் நடுங்குறது கதவுக்கு இங்கிட்டு கேக்குதும்மா. எப்பிடிம்மா இல்லைன்னு சொல்றது?"

அவளை அணைக்கப் போனேன். "கிட்ட வராத" என்று கையை நீட்டித் தடுத்தாள். நான் அவளைப் பார்த்துக் கத்தியது மாதிரியே.

நர்சம்மாவுக்குப் போன் போட்டேன், ஆம்புலன்ஸ் வந்தது. கைக்குக் கிடைத்ததை ஒரு பையில் திணித்துக்கொண்டு நானும் ஏறினேன். தேனிப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை மட்டும் உள்ளே கொண்டுபோனார்கள். தலை முதல் கால் வரை மூடிய இரண்டு பேர், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். பச்சைப் பூப்போட்ட மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

நான் வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த எல்லா குர்ஆன் ஸூராக்களையும் ஓதினேன். தெரிந்தது கொஞ்சம்தான். தீர்ந்ததும் முதலிலிருந்து ஓதினேன். அந்த வாசலில் என்னைப் போல இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். சிலர் கையில் விபூதிப் பொட்டலம், ஒருத்தர் கையில் ஜெபமாலை. உள்ளேயிருந்து யாராவது வந்தால் எல்லார் முகமும் ஒன்றாகத் திரும்பும், யாருடைய பெயர் என்று.

மத்தியானம் தாண்டி என் மகளின் பெயரைச் சொன்னார்கள். எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"பொம்பளப் பிள்ளை. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தோம். பிள்ளை நல்லா இருக்கு. தாய்க்கு ஆக்சிஜன் போயிட்டிருக்கு, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. பழைய துணி ஏதாவது இருந்தா கொண்டாங்கம்மா, வெரசா."

பையில் கையை விட்டேன். மூன்று மாஸ்க் இருந்தது. அவருடைய பழைய கைலி ஒன்று இருந்தது. பிள்ளைக்கென்று வைத்த துப்பட்டியில் ஒரு முழம்கூட என்னிடம் இல்லை. மூன்றாவதையும் போன வாரம் மகளின் மாஸ்க்குக்காக வெட்டித் தீர்த்திருந்தேன். என் பேத்தி கட்டம் போட்ட நீலக் கைலியில்தான் இந்த உலகத்துக்கு வந்தாள்.

எனக்கு மறுபடியும், கூடவே பிள்ளைக்கும் சோதனை செய்தார்கள். இரண்டு பேருக்கும் இல்லை. ஆனாலும் மாஸ்க்கை இறக்கவே கூடாது, உங்களுக்கு இனிமேல்கூட வரலாம் என்று எச்சரித்து, மூன்றாம் நாள் பிள்ளையை என் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தொழுகை அழைப்பான பாங்கைப் பிறந்த பிள்ளையின் காதில் சொல்ல ஆள் இல்லை. விடுதியிலிருந்து அவர் போனில் சொன்னார், ஆக்சிஜனுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி. நான் போனைப் பிள்ளையின் வலது காதில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை மகள் போனில் முகம் காட்டினாள். முகத்தில் பிளாஸ்டிக் மூடி, உதடு வெளுத்துக் கிடந்தது. பிள்ளையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மூடியைக் கொஞ்சம் தூக்கிக் கேட்டாள்.

"எப்பிடிம்மா மணக்குறா?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று மடிப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். அதை இறக்கிப் பிள்ளையின் தலையில் மூக்கை வைத்தால்தான் தெரியும். கை நாடா வரை போனது. முடியவில்லை. எனக்குள்ளே அது இருந்து, இந்த மூச்சில் பிள்ளைக்குப் போய்விட்டால்?

"பால் வாசம்டி" என்றேன். "பாலும், கொஞ்சம் ஏலக்காயும்."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் மூடியை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். சிரித்த மாதிரி இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். ஒவ்வொரு நாளும் போன் மணி அடித்தால் எடுப்பதற்கு முன் பிஸ்மில்லாஹ் சொல்லி, எடுத்த பிறகு அந்தப் பக்கக் குரல் யாருடையது என்று தெரியும் வரை மூச்சை நிறுத்தி வைத்திருந்தேன். நடுவில் எங்கள் வீட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக வந்து மொட்டைமாடியில் படுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் மகள் வந்தாள். அல்லாஹ் திருப்பிக் கொடுத்தான். அந்த வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அப்படிக் கொடுக்கவில்லை. அதை நினைக்கும்போது எனக்கு நன்றி சொல்லவே கூசுகிறது.

வந்தவள் பிள்ளையை வாங்கி முதலில் அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"தெரியுதாடி?" என்று கேட்டேன். மணக்குதா என்று கேட்க அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணும் தெரியலம்மா." தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஆனா நீ சொன்னேல்ல, பாலும் ஏலக்காயும்னு. அங்க கெடக்கும்போது அதையேதான் நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். இப்பவும் அதை வச்சுத்தான் மணந்துக்கிட்டு இருக்கேன்."

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அவளுக்கு மணம் திரும்ப ஏழெட்டு மாதம் ஆனது. அதற்குள் பிள்ளையின் தலையில் அந்தப் பிறந்த வாசம் போய், எண்ணெயும் சோப்பும் மணக்கத் தொடங்கிவிட்டது. அந்த வாசம் எப்படி இருந்தது என்று என் மகளுக்கு இன்றுவரை நான் சொன்னதுதான் கணக்கு. இப்போதும் பேத்தியிடம், "நீ பொறந்தப்ப ஏலக்காய் மணந்தியாம், அம்மம்மா சொன்னாங்க" என்று சொல்கிறாள். பேத்தி அதைக் கேட்டுவிட்டுத் தன் கையை முகர்ந்து பார்த்துக்கொள்கிறது.

அன்று நான் முகரவில்லை. சொன்னது பொய். அல்லாஹ்விடம் அதற்கு எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மகளிடம் கேட்கத்தான் இத்தனை நாள் பயம். அவள் இதைப் படிப்பாள்.